மணல் மேல் நீல நிழல்

ஒளிமானி ஒரு படத்தைப் பொய் என்று சொல்லிவிட்டால் அப்புறம் பேச்சே கிடையாது. கரைத்துவிடுவார்கள். கொண்டுவந்தவர் கண்ணெதிரிலேயே, எவர்சில்வர் தொட்டியில் போட்டு, திராவகத்தை ஊற்றி. படம் கொஞ்ச நேரம் நுரைத்துக்கொண்டு கிடக்கும், பிறகு கலங்கல் தண்ணீர்தான் மிஞ்சும். பக்கத்தில் நின்று கையெழுத்துப் போடுவது அரசு மதிப்பீட்டாளர் பூங்கோதையின் வேலை. பதினோரு வருஷமாகப் போட்டாள். போட்டுவிட்டு கேன்டீனுக்குப் போய் வயிறாரச் சாப்பிட்டும் இருக்கிறாள். சட்டம் அப்படி, அவள் என்ன செய்வாள் என்று நீங்கள் கேட்கலாம். அவளும் அதையேதான் தனக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள், இந்த லமோர் படம் வரும்வரை.

ஏன் இத்தனை கெடுபிடி? உங்கள் காலத்தில் மெஷின் படம் வரைவதைப் பார்த்து வாயைப் பிளந்தீர்களே, அந்த மெஷினின் பேரப்பிள்ளைகள் செய்த கூத்து இது. இருநூறு வருஷத்துத் துணி, அந்தக் காலத்துச் சாயம், சாயத்தில் விழுந்த வெடிப்பு, வெடிப்புக்குள் தூசி, அத்தனையையும் அச்சடித்துத் தரும் அளவுக்கு அதுகள் வளர்ந்துவிட்டன. எது அசல், எது நகல் என்று ஊரில் ஒருத்தருக்கும் தெரியவில்லை. பழைய போட்டோக்களை நம்புவதைக் கோர்ட்டே நிறுத்திவிட்டது. கடைசியில் யாரோ ஒரு புத்திசாலி சொன்னான்: எதை வேண்டுமானாலும் திருடலாம், வெயிலைத் திருட முடியாது. வெளியில் உட்கார்ந்து கண்ணால் பார்த்து வரைந்தவன் படத்தில் வெளிச்சம் ஒரு கணக்கோடு விழுந்திருக்கும். அந்தக் கணக்கைச் சரிபார்க்கச் செய்த கருவிதான் ஒளிமானி. அரசாங்கமும் அதைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியது.

லமோர் என்கிற பிரெஞ்சுக்காரன் இம்ப்ரெஷனிஸ்ட் பாணியில் வரைந்த புதுச்சேரிக் கடற்கரை அது. கன்னிமாடம் ஒன்றின் சாப்பாட்டு அறையில் புகை ஏறிக் கிடந்ததை, துடைத்துச் சுத்தம் செய்யச் சொல்லி அந்துவான் என்பவரிடம் கொடுத்திருந்தார்கள். பழைய படங்களைச் செப்பனிடுவது அவர் தொழில். அவர் துடைத்து முடித்தார். சட்டப்படி ஒளிமானியில் வைத்தார்கள். ஒளிமானி பொய் என்றது. அசலை எங்கோ விற்றுவிட்டுப் போலியைக் கொண்டுவந்து வைத்துவிட்டார் என்று அவரைப் பிடித்து உள்ளே போட்டுவிட்டார்கள்.

பூங்கோதை அந்தப் படத்தின் எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். காலை நேரம். சூரியன் கடல் பக்கம், அதனால் நிழல்கள் எல்லாம் நம்மைப் பார்த்து நீள்கின்றன. இரண்டு வெள்ளைக்காரிகள் குடை பிடித்து நிற்கிறார்கள். கூடையோடு மீன்காரிகள். மணலில் இழுத்துப் போட்ட ஒரு படகு. கிட்டே போனால் குடையும் இல்லை, மீனும் இல்லை, அப்பிய சாயம்தான். மணல் என்று நினைத்த இடத்தில் இளஞ்சிவப்பும் பச்சையும் கிடக்கிறது. நாலடி பின்னால் வந்தால் வெயில் எரிக்கிறது. அலையின் நுரையில் லமோர் விரல் தடிமனுக்கு வெள்ளையை அப்பியிருந்தான். அதைப் பார்த்தபோது அவள் தன்னையறியாமல் கண்ணைச் சுருக்கிக்கொண்டாள். முப்பத்துநாலு வயதில் முதல் தடவையாக அவளுக்குக் கண் கூசியது. அவள் திரைக்கு அடியில் பிறந்தவள். பூமி கொதிக்கிறது என்று அறுபது வருஷத்துக்கு முன் வானத்தில் வெண்பொடி தூவ ஆரம்பித்தார்களே, அதற்குத் திரை என்று பெயர். வெயில் என்றால் அவளுக்குத் தெரிந்தது மெல்லிய துணியில் வடிகட்டிய வெளிச்சம்தான்.

"நீலமாம்மா, நீலம்!" என்றார் சடகோபன், அவள் அலுவலகத்தின் இயக்குநர். கையில் காபி டம்ளர். "எந்த ஊர்ல நிழல் நீலமா விழுது? குடை நிழல் நீலம், பொம்பளைங்க நிழல் ஊதா. திருடனுக்கு ரசனை வேற. நீ கையெழுத்துப் போட்டுக் கொடு, வெள்ளிக்கிழமை விசாரணை முடிஞ்சதும் கரைச்சுடலாம்."

"எல்லா நிழலும் தப்புன்னு ஒளிமானி சொல்லுதா சார்?"

"படகு நிழல் ஒண்ணைத் தவிர. அது அசல்னு வருது. ஏதோ ஒரு இடத்துல பாத்து வரைஞ்சிருப்பான்."

அவள் உடனே கையெழுத்துப் போடவில்லை. பொய்ப் படத்துக்கு யாராவது கண்ணைச் சுருக்குவார்களா என்பதுதான் மண்டைக்குள் குடைந்துகொண்டே இருந்தது.

சாயங்காலம் வெளியே வந்தால் கேட்டருகே ஒரு பெண்மணி நின்றிருந்தாள். அந்துவானின் மனைவி செலஸ்தின். மத்தியானத்திலிருந்து நிற்கிறாளாம். வாட்ச்மேன் நாற்காலி கொடுத்தும் உட்காரவில்லையாம்.

"மேடம், நீங்கதான் அந்தப் படத்தைப் பாக்குறீங்களா?"

"வழக்கைப் பத்திப் பேசக் கூடாதுக்கா."

"நான் வழக்கைப் பத்திப் பேசலை. எங்க வீட்டுக்காரரைப் பத்திப் பேசுறேன். ரெண்டு தடவை நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு விழுந்தவரு. ஏழு வருஷம்னு சொல்றாங்க. ஏழு வருஷம் உள்ள இருந்துட்டு அவரு நடந்து வருவாரா? தூக்கிட்டுத்தான் வரணும்." அவள் கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "ஒரு புள்ளி கூட நான் வைக்கலைன்னு பைபிள்ல கை வெச்சு சத்தியம் பண்ணியிருக்காரு. மாதா மேல ஆணையா அவரு பொய் சொல்ற ஆளு இல்லை."

பார்க்கிறேன்கா, பார்க்கிறேன்கா என்று பூங்கோதை இரண்டு தடவை சொல்லிவிட்டுத் தப்பித்தோம் பிழைத்தோம் என்று நடையைக் கட்டினாள்.

கால் தானாகக் கடற்கரைச் சாலைக்குப் போனது. பால் நிற வானம். மணலில் அவளுடைய நிழல் ஓரம் மங்கி, சாம்பலாகக் கிடந்தது. எண்பது வயதுக்குக் குறையாத இரண்டு பெரியவர்கள் சுவரில் உட்கார்ந்து வம்பளந்துகொண்டிருந்தார்கள். திரைக்கு முந்தைய வானத்தைப் பார்த்தவர்கள். அவர்களிடம் போய், "ஐயா, அந்தக் காலத்துல நிழல் என்ன நிறத்துல இருந்துச்சு?" என்று கேட்டாள்.

இருவரும் அவளை ஏற இறங்கப் பார்த்தார்கள்.

"நிழல் என்ன நிறமா? கறுப்புதான்!"

"நீலமா ஏதாச்சும்..."

"ஏம்மா, உனக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்றார் ஒருவர். மற்றவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அவரைச் சொல்லிக் குற்றமில்லை, கேள்வி அப்படி.

மறுநாள் அவள் பெரிய உருப்பெருக்கியை வைத்துக்கொண்டு படத்தின் மேல் கவிழ்ந்தாள். குடை நிழலில், நீலச் சாயத்துக்குள் பொடிப்பொடியாக மணல். காற்றில் பறந்து வந்து ஈரச் சாயத்தில் ஒட்டி, அப்படியே காய்ந்துபோனது. கடற்கரையில் உட்கார்ந்து வரைந்தால் அது ஒட்டாமல் இருக்காது. மீன்காரிகளின் நிழலிலும் மணல். நுரையிலும் மணல். மணலைக்கூட அச்சடித்துவிடுவார்கள் என்பது அவளுக்குத் தெரியும், அதனால் கோர்ட்டில் இது செல்லாது. ஆனாலும் பார்த்துக்கொண்டே போனாள். படகு நிழலுக்கு வந்தாள். அங்கே ஒரு மணல் துகள்கூட இல்லை. சாயம் வழவழவென்று இருந்தது. உள்ளங்கை அகலம்தான் அந்த இடம். அதை லமோர் கடற்கரையில் உட்கார்ந்து வைத்திருக்க முடியாது.

அன்றைக்கே சிறைக்குப் போனாள். அதிகாரி என்பதால் தனி அறை கொடுத்தார்கள். அந்துவான் ஒல்லியான மனிதர், விரல் நகங்களில் இன்னும் சாயம் போகவில்லை.

"ஐயா, ஒண்ணு கேக்கணும். படகு நிழல்ல மட்டும் ஏன் மணலே இல்லை?"

அந்துவான் மேஜையைப் பிடித்துக்கொண்டார்.

"செலஸ்தின்கிட்ட சொல்லிட்டீங்களா?"

"யார்கிட்டயும் சொல்லலை."

"அந்த இடம் உதிர்ந்துக்கிட்டே இருந்துச்சு மேடம். வெறும் துணி தெரிஞ்சுது. அதை முதல்ல அடைச்சாத்தான் மத்த இடத்துல கையே வைக்க முடியும். அனுமதி கேட்டா ஆறு மாசம் ஆக்குவாங்க, அதுக்குள்ள பக்கத்துல இருக்கறதும் உதிர்ந்துடும். சாம்பல் நிறச் சாயத்தைக் குழைச்சு வெச்சுட்டேன். ஸ்பிரிட்டு தொட்டுத் துடைச்சா வந்துடற சாயம்தான். படத்துக்கு ஒரு கெடுதலும் இல்லை." அவர் மூச்சு வாங்கிக்கொண்டார். "பிடிச்சப்ப பயந்துட்டேன். ஒரு புள்ளி வைக்கலைன்னு வாய்ல வந்துடுச்சு. சத்தியமும் பண்ணிட்டேன்."

"மத்த நிழலெல்லாம்?"

"அதான் எனக்கும் ஆச்சரியம். மேல இருந்த பழைய வார்னிஷைத் துடைக்கத் துடைக்க நீலமா வருது மேடம்! மருந்தை மாத்திப் போட்டுட்டோமோன்னு பாட்டிலை எடுத்துப் பாத்தேன். படகு நிழலைக் கழுவிட்டு நீலமா வைக்கலாம்னு நினைச்சேன், அதுக்குள்ள ஆள் வந்துட்டாங்க." கொஞ்ச நேரம் நகத்தைச் சுரண்டினார். "இங்க உக்காந்து யோசிக்கத்தான் நேரம் நிறைய இருக்கே. நிழல்ல வெயில் படாது, சரி. ஆனா அங்க இருட்டாவா இருக்கு? எல்லாம் தெரியுதே. அந்த வெளிச்சம் எங்கேருந்து வருது?"

"மேல இருந்து. வானத்துலேருந்து."

"அந்த வானம் நீலமா இருந்தா?"

பூங்கோதை நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"திரைக்கு முன்னாடி வானம் நீலமா இருந்துச்சுன்னு பள்ளிக்கூடத்துல படிச்சோம்ல. படிச்சதோட சரி. அது தரையில வந்து விழும்னு யாருக்குத் தோணுச்சு?" என்றார் அந்துவான்.

"பெரியவங்ககிட்ட கேட்டேன் ஐயா. கறுப்புன்னுதான் சொல்றாங்க."

"பாத்திருப்பாங்க மேடம். கவனிச்சிருக்க மாட்டாங்க. அந்த வெள்ளைக்காரன் ஒருத்தன்தான் கவனிச்சிருக்கான்."

அவளுக்குத் திடீரென்று எல்லாம் சேர்ந்து உறைத்தது. படத்தில் லமோர் வைத்த நிழல் அத்தனையும் பொய் என்று சொன்ன ஒளிமானி, அந்துவான் அடைத்த ஒன்றை மட்டும் அசல் என்று சொல்லியிருக்கிறது. அதைச் சொன்னாள். அந்துவான் முதலில் சிரித்தார். சிரித்துக்கொண்டே இருந்தவர் முகத்தைப் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்தார். ஒரு பெரிய மனுஷன் அப்படி அழுவதை அவள் பார்த்ததில்லை. எழுந்து போய்த் தோளைத் தொட வேண்டும் போல இருந்தது, தொடவில்லை.

"எழுதிடுங்க மேடம்," என்றார் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "படமாச்சும் பிழைக்கட்டும்."

ஆனால் எழுதினால் அவர் பிழைக்க மாட்டார். சட்டத்தில் பாதிப் போலி, முழுப் போலி என்றெல்லாம் கிடையாது. அனுமதியில்லாமல் ஒரு புள்ளி வைத்தாலும் ஏழு வருஷம், போதாக்குறைக்குப் பொய்ச் சத்தியம் வேறு. எழுதாவிட்டால் படமும் போகும், அவரும் போவார். பஸ்ஸில் வரும்போது அவள் இதையே திருப்பித் திருப்பிப் போட்டுப் பார்த்தாள். எந்தப் பக்கம் திருப்பினாலும் செலஸ்தின் கேட்டருகே நின்றுகொண்டிருந்தாள்.

மறுநாள் சடகோபனிடம் சுற்றி வளைத்துக் கேட்டாள்.

"சார், ஒளிமானிக்கு எந்தக் கடற்கரைகளைக் காட்டிப் பழக்கினாங்க?"

"உலகத்துல இருக்கற அத்தனையும். லட்சக்கணக்குல."

"எல்லாம் திரை போட்ட பிறகு எடுத்ததுதானே?"

"பின்னே? அதுக்கு முந்தின போட்டோவைத்தான் கோர்ட்டு ஒத்துக்காதே. நாமளே அளந்து எடுத்தது மட்டும்தான்..." அவர் டம்ளரைக் கீழே வைத்தார். மனிதர் முட்டாள் இல்லை. எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"என்ன சொல்ல வர்றே?"

"வானம் நீலமா இருந்தப்போ நிழல் நீலமா விழுந்திருந்தா?"

"இருந்தா, விழுந்தா! இதெல்லாம் வாய்ப்பேச்சு. அந்த வெயிலைக் கொண்டுவந்து காட்டுவியா? மெஷின் தப்புன்னா மெஷினை வெச்சே நிரூபிக்கணும். இன்னைக்கு ஒருத்தன் வெச்சதுன்னு தெரிஞ்ச சாயத்தை அது அசல்னு சொல்லியிருந்தா, நானே பிளக்கைப் பிடுங்குவேன். இருக்கா அப்படி ஒண்ணு?"

படகு நிழல் என்று வாய் வரை வந்தது. விழுங்கிக்கொண்டாள்.

சடகோபன் குரலைத் தாழ்த்தினார். "பூங்கோதை, யோசிச்சுப் பாத்தியா? மெஷின் தப்புன்னா, இதுவரைக்கும் நாம கரைச்சது?"

யோசிக்காமலா? சிறைக்குப் போய் வந்ததிலிருந்து அதுதான் வேலை. முன்பு ஒரு தடவை காரைக்காலிலிருந்து ஒரு வாத்தியார் வந்திருந்தார். அவர் கொண்டுவந்ததும் கடற்கரைதான், துறைமுகத்தில் படகுகள். மற்றவர்களைப் போலக் கத்தவில்லை. தொட்டியில் போடுவதற்கு முன் இன்னொரு தடவை பார்த்துக்கொள்ளட்டுமா என்று மட்டும் கேட்டார். அவள் கடிகாரத்தைப் பார்த்தபடி, சீக்கிரம் பாருங்க என்றாள். அந்தப் படத்தில் நிழல்கள் ஊதாவாக இருந்தன. அவள் கையெழுத்துப் போட்டாள். அவர் சிறைக்குப் போனார். அதற்கப்புறம் அவர் என்ன ஆனார் என்று விசாரிக்கக்கூட அவளுக்குத் தோன்றியதில்லை. அவரைப் போல நாற்பது பேருக்கு மேல். இப்போது நினைத்தால் சோறு இறங்கவில்லை.

வியாழக்கிழமை முழுவதும் அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அம்மா போனில் கூப்பிட்டு, குரல் ஏன் ஒரு மாதிரி இருக்கு என்றாள். ஒண்ணுமில்லம்மா, தலைவலி என்றாள். அப்புறம் சும்மா இருக்காமல், "அம்மா, நான் கொஞ்ச நாள் ஊர்ல இல்லைன்னா சமாளிச்சுப்பியா?" என்று கேட்டு, பாவம், அந்த அம்மாளின் தூக்கத்தையும் கெடுத்தாள்.

வெள்ளிக்கிழமை விசாரணை அறையில் மூன்று பேர் குழு. தலைவர், ஓய்வுபெற்ற நீதிபதி கோமகன். அந்துவானை முதல் பெஞ்சில் உட்கார வைத்திருந்தார்கள், பின்னால் செலஸ்தின். ஓரமாக எவர்சில்வர் தொட்டி தயாராக இருந்தது. வேலைக்காரர் ஒருவர் அதைத் துணியால் துடைத்துக்கொண்டே இருந்தார். யாராவது அதை நிறுத்தச் சொல்ல மாட்டார்களா என்று பூங்கோதைக்கு எரிச்சலாக வந்தது.

"மதிப்பீட்டாளர் கருத்து?" என்றார் கோமகன்.

"படம் அசல், சார். ஒளிமானிதான் தப்பு."

அறையில் சலசலப்பு. சடகோபன் தலையைப் பிடித்துக்கொண்டார்.

"படகு நிழலைப் பத்தி ஒளிமானி என்ன சொல்லியிருக்குன்னு ஒரு தடவை வாசிக்கச் சொல்லுங்க சார்."

வாசித்தார்கள். அசல், சந்தேகத்துக்கு இடமில்லை என்று வந்தது. பூங்கோதை பையிலிருந்து பஞ்சை எடுத்தாள், ஸ்பிரிட்டில் நனைத்தாள், படத்தருகே போனாள். மெல்லத் துடைத்தாள். சாம்பல் நிறம் பஞ்சில் வந்துவிட்டது. அந்த இடத்தில் வெறும் துணி.

"இதைத்தான் சார் அது அசல்னு சொல்லுது. இது போன வருஷம் கடையில வாங்கின சாயம். பக்கத்துல இருக்கற நீலத்தைத் துடைச்சுப் பாருங்க, வராது."

குழுவில் ஒருவர் எழுந்து வந்து, தானே ஒரு பஞ்சை வாங்கிக் குடை நிழலில் தேய்த்துப் பார்த்தார். வரவில்லை. வானம் நீலமாக இருந்த காலத்தைப் பற்றியும், நிழலுக்கு வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்பதைப் பற்றியும் அவள் சொல்லச் சொல்லக் கோமகன் குறுக்கே பேசாமல் கேட்டார். கேட்டு முடித்து மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"சரி. இந்தச் சாம்பலை வெச்சது யார்?"

அந்துவானின் தலை குனிந்தது. செலஸ்தின் ஜபமாலையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். விஷயம் அவளுக்கு அந்த நிமிஷம்தான் புரிந்திருக்க வேண்டும். அவள் முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை.

"நான்தான் சார்," என்றாள் பூங்கோதை.

"என்ன?"

"நான் வெச்சேன். உதிர்ந்திருந்த இடம். ஒளிமானியில வைக்கறதுக்கு முன்னாடி, அதைச் சோதிக்கறதுக்காக."

"யார் அனுமதி கொடுத்தது?"

"யார்கிட்டயும் கேக்கலை."

"இது குற்றம்னு உங்களுக்குத் தெரியுமில்லையா?"

"புதுசா வேலைக்குச் சேர்றவங்களுக்கு அந்தச் சட்டத்தை நான்தான் சார் பாடம் எடுக்கறேன்."

சடகோபன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குத் தெரியும். அவள் பிரஷ் பிடித்தால் கோடுகூட நேராக வராது என்பது அலுவலகம் முழுவதும் தெரிந்த சேதி. இப்போது வாயைத் திறக்கப் போகிறார், எல்லாம் முடிந்தது என்று அவள் நினைத்தாள். அவர் திறக்கவில்லை. கைக்குட்டையை எடுத்து நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

கோமகன் படத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். "ஒண்ணு மட்டும் எனக்குப் புரியலை. சுத்தி எல்லா நிழலும் நீலமா இருக்கு. நீங்களும் நீலத்தையே வெச்சிருக்கலாமே. ஏன் சாம்பல்?"

எத்தனையோ கேள்விகளுக்கு அவள் பதில் தயார் செய்து வைத்திருந்தாள். எந்தக் கடையில் வாங்கினாய், எந்தப் பிரஷ், எந்தக் கிழமை, எல்லாவற்றுக்கும். இது அவள் மனதில் உதிக்கவே இல்லை. காரைக்கால் வாத்தியாரின் முகம் ஏனோ நினைவுக்கு வந்தது.

"நிழல்னா அப்படித்தான் இருக்கும்னு நினைச்சேன் சார்," என்றாள். "நான் பொறந்ததுலேருந்து வேற நிழலைப் பாத்ததில்லை. அந்த நினைப்போடதான் பதினோரு வருஷமா கையெழுத்துப் போட்டுக்கிட்டிருந்தேன். அந்தப் படங்களைப் பத்தியும் சொல்றேன். எழுதிக்கச் சொல்லுங்க."

அந்துவான் எழுந்திருக்கப் பார்த்தார். "ஐயா, அது அவங்க இல்லை..." என்று வாயெடுத்தார். பின்னாலிருந்து செலஸ்தின் அவர் சட்டையைக் கொத்தாகப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள்.